ஓரம் வரை கறுப்பு

அவருடைய முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. எதிரே வருகிற லாரிக்காரன் வளைவில் ஒதுங்குவானா மாட்டானா என்று அவன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வீட்டுக்குள் நுழைகிறபோதே இன்றைக்கு என்ன சண்டை என்பதும் ஈஸ்வரியின் முகத்தில் தெரிந்துவிடும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் முகங்களைத்தான். பயந்த சுபாவம் உள்ளவனுக்கு அந்தப் படிப்பு தானாக வந்துவிடும். அவருடைய முகம் மட்டும் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில். என் மனைவி ஈஸ்வரிக்கு இரண்டு மாதமாக இருமல் நிற்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே படம் எடுக்கிறவராக அவர் இருந்தார். இழுத்துக் கட்டிய கொண்டை. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார். என்னை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். குரல் மட்டும் கேட்டது.

"மூச்ச இழு. அடக்கு. அசையாத. ம், விடு."

வெளியே நின்ற நானும் கூடச் சேர்ந்து அடக்கினேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஈரம் சொட்டுகிற பிலிமை எடுத்து வந்து, வெளிச்சப் பலகையில் மாட்டிப் பார்த்தார். நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை, அவருடைய முகத்தைத்தான் பார்த்தேன். தான் ஏறப்போகாத பஸ்சின் போர்டைப் படிக்கிற மாதிரி படித்துவிட்டு உறைக்குள் போட்டார்.

"அக்கா, பயப்படும்படியா ஏதாச்சும் இருக்கா?"

"டாக்டர் சொல்லுவாரு."

"இல்லக்கா, ஒரு வார்த்தை. ஆமா, இல்ல. அவ்வளவுதான்."

"நான் எடுக்கறவ மட்டும்தான், தம்பி."

டாக்டரைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் நான் ஈஸ்வரியின் கருமாதிக்கு யார் யாருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது வரைக்கும் போய்விட்டேன். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, வெறும் சளி என்று சொல்லி மாத்திரை எழுதினார். வெளியே வரும்போது எக்ஸ்ரே அறை வாசலில் அவர் அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஒரு தலையசைப்புக் கொடுத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

இது நடந்து சில வருடங்கள் கழித்து, அவரே எங்கள் ஜீப்பு ஸ்டாண்டுக்கு வந்து நின்றார். நான் அப்போது காலையில் போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போய் விட்டுவிட்டு, சாயங்காலம் கூட்டிவருகிற வேலையில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் எக்ஸ்ரே வந்துவிட்டதாகவும், தான் வேலையை விட்டுவிட்டதாகவும் சொன்னார். தோளில் ஒரு மூன்றுகால் ஸ்டாண்டு. கையில் மரப்பெட்டி மாதிரி ஒன்று. திறந்தால் ஆர்மோனியத் துருத்தி போல முன்னால் மடிப்பு மடிப்பாக நீண்டது. அதுதான் கேமரா.

"மேல போகணும். காயெடுக்கற இடத்துல எறக்கி விட்டுட்டு, வரும்போது கூட்டியா. ஒரே ஒரு விசயம். பேசிக்கிட்டே வரக்கூடாது."

"எனக்குப் பேசலேன்னா பயமாருக்கும்க்கா."

"அப்ப மெதுவாப் பேசு."

அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் என் ஜீப்பில்தான் வந்தார். நாற்பத்தைந்து, ஐம்பதுக்குள் வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போடியில் கீழத்தெருப் பக்கம் ஒரு வீட்டில், தன் அக்காவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அக்காவுக்கு நினைவு போய்க்கொண்டிருந்தது. நான் போகிற நாளெல்லாம் அந்தம்மா வாசலிலேயே பிடித்துக்கொள்வார்.

"நீதான மொளகு கொண்டாந்தவன்?"

"இல்லம்மா, நான் ஜீப்புக்காரன்."

"எடை கொறஞ்சிருந்துச்சு. களவாணிப் பயலே."

உள்ளேயிருந்து இவருடைய குரல் வரும். "ஆமான்னு சொல்லிட்டு உள்ள வா. இல்லேன்னா நாளைக்கும் கேக்கும்."

அவர் எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். அதற்குக் கடை பிலிம் வாங்கவில்லை. எக்ஸ்ரே பிலிமையே மதுரையிலிருந்து வரவழைத்து, இருட்டில் அளவாக வெட்டி வைத்துக்கொள்வார். அந்த பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதனால் படத்தில் சிவப்பெல்லாம் கறுப்பாகிவிடும். மேலே காயெடுக்கிற பெண்களுக்கு முதல் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஜீப்பே அதிர்ந்தது.

"போட்டோ சேச்சி, என்னா இது, நெத்தியில மைய அப்பி வச்சிருக்கீக?"

"அது பொட்டுதாண்டி. செவப்புக் கலரு இதுல ஏறாதாம்."

"அப்ப வெத்தல போட்ட வாயி? ஆத்தாடி, பேயி மாதிரி."

"நீ நேர்லயும் அப்பிடித்தான இருக்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரித்தாரா என்று கண்ணாடியில் பார்த்தேன். வெளியே மரங்களைப் பார்த்தபடி இருந்தார். ஆனால் பேய் மாதிரி என்று சொன்ன அந்தப் பெண்ணே அடுத்த வாரம் அந்தப் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தாள். முகம் மேலே ஒரு மூலையில்தான், அவளுடைய கைகள்தான் படத்தில் பெரிதாக இருந்தன. செடியின் தூரில் குனிந்து காய் பறிக்கிற கை, கறை ஏறி, மரவேரோடு வேராக இருந்தது. கை எது வேர் எது என்று நான் இரண்டு தடவை பார்த்தேன்.

ஒரு படத்துக்கு ஒரே ஒரு பிலிம் தாள்தான். சரியில்லையென்றால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம் என்கிற பேச்சே கிடையாது. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், அதனால் காடு எப்போதும் இருட்டு. அந்த இருட்டில் படம் விழ இரண்டு மூன்று விநாடி ஆகும். அதுவரைக்கும் ஆள் அசையக் கூடாது, இலையும் அசையக் கூடாது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு காற்று நிற்பதற்காக நின்றுகொண்டே இருப்பார். ஒரு தடவை இப்படி மூன்று மணி நேரம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே எங்கோ காட்டுமாடு செருமிய சத்தம் கேட்டதாக எனக்குத் தோன்றியது. பிரேக் எண்ணெய் பார்த்தேனா என்று நினைவில்லை. பெண்களைக் கூட்டிவரப் போகிற நேரம் நெருங்கியது. நான் பாதைக்கும் அவருக்குமாக நடந்தேன்.

கடைசியில் துணியிலிருந்து தலையை எடுத்தார். கேமராவை மடித்தார்.

"எடுத்தாச்சா அக்கா?"

"இல்ல."

"மூணு மணி நேரம் நின்னோமே?"

"வரல. வண்டிய எடு."

ஏமாற்றமா, எரிச்சலா, ஒன்றும் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் இருட்டறைக்குள் என்னை விட்டார். சமையல்கட்டை ஒட்டின சாமான் அறை. ஜன்னலை அட்டையால் அடைத்து, சந்துக்கெல்லாம் கறுப்புப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். சிவப்பு பல்பு மட்டும் எரிந்தது. தட்டில் மருந்துத் தண்ணீர். ஒரு தாளை அதில் இறக்கி, தட்டின் ஒரு மூலையை விரலால் தூக்கித் தூக்கி விட்டார். தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. வெறுமையாக இருந்த தாளில் முதலில் வானம் கறுத்தது. அப்புறம் மரம். அப்புறம் ஒரு பெண்ணின் முழங்கை. எல்லாம் தலைகீழான நிறத்தில். எனக்கு மயிர்க்கால் எழுந்து நின்றது. நன்றாக வந்திருக்கிறதா என்று அவருடைய முகத்தைப் பார்த்தேன். சிவப்பு வெளிச்சத்தில் அது ஆஸ்பத்திரியில் பார்த்த அதே முகம்.

"நல்லாருக்காக்கா?"

"இன்னும் கழுவி முடியல." கொஞ்சம் பொறுத்து, "முடிஞ்சாலும் என்னக் கேக்காத. படத்தப் பாரு," என்றார்.

ஆனாலும் தட்டை ஆட்டிய விரல் ஒரு கணம் நின்றதை நான் பார்த்துவிட்டேன். அவரைப் படிக்க வேண்டுமானால் கையைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்த மழை.

மேலே போய் ஒரு படம் எடுத்ததும், தாள் இருக்கிற கறுப்புச் சட்டத்தை, இரண்டு கையும் நுழைய ஓட்டை வைத்த துணிப்பைக்குள் நுழைப்பார். உள்ளேயே தாளைச் சட்டத்திலிருந்து கழற்றி, ஒரு அட்டைப்பெட்டிக்கு மாற்றிவிடுவார். எடுத்து முடித்த தாள்களெல்லாம் அந்தப் பெட்டியில் சேரும். கழுவுகிற நாள் வரைக்கும் அதிலேயே இருக்கும். அந்தப் பெட்டியை ஜீப்பின் பின்சீட்டில் வைத்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்.

"பத்திரம்."

அன்றைக்கு அவர் சாலைக்குக் கீழே, தோட்டத்துக்குள் குடையோடு நின்றிருந்தார். நான் ஜீப்பில் இருந்தேன். மழை வலுத்தது. தார்ப்பாயில் இருந்த ஓட்டையை நான் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அட்டைப்பெட்டியின் மூடி ஊறிப்போயிருந்தது.

நான் ஜீப்பு ஓட்ட வருவதற்கு முன்னால் ஏழு வருடம் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்தவன். காயை உலர்த்துகிற இடம் அது. அங்கே முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். மூட்டை நனைந்தால் ஒரு நிமிடம்கூட மூடி வைக்கக் கூடாது. உடனே பிரி, கொட்டு, பரப்பு. மூடி வைத்தால் உள்ளுக்குள் வேர்த்து, பூசணம் பிடித்து, நிறம் போய்விடும். "நனைஞ்சத மூடி வச்சவன் வீட்டுக்குப் போயிரலாம்," என்பார் எங்கள் மேஸ்திரி. என் கைக்கு அது மட்டும்தான் தெரியும்.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே தடித்த கறுப்புக் கவர். அதன் வாயும் ஈரமாக இருந்தது. ஈஸ்வரிக்கு எடுத்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்திருக்கிறேன். பஸ்சில் வருகிற வழியெல்லாம் அதை வெயிலில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. இதுவும் எடுத்து முடித்த படம்தானே என்று நினைத்தேன். கவரின் வாயைப் பிரித்து, மேலாக இருந்த நான்கு தாள்களை உருவி, சீட்டில் பரப்பி, துண்டால் ஒற்றினேன்.

நான்கிலும் படமே இல்லை. வெளிறிய பச்சையாக, வெறுமையாக இருந்தன.

மழைத் தண்ணீர் படத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டது என்று நினைத்தேன். என் தார்ப்பாய் ஓட்டையால் அவருடைய ஒரு மாதத்து வேலை போய்விட்டது. நான்கையும் இருந்த வரிசையிலேயே கவருக்குள் விட்டு, மடித்து, பெட்டியை மூடி, மேலே துண்டைப் போட்டு வைத்தேன். அவர் ஏறி வந்தபோது பெட்டியைப் பார்த்தார்.

"நனைஞ்சிருச்சா?"

"மேலாப்லதான்க்கா. தொடச்சிட்டேன்."

அது பொய் இல்லை. ஆனால் நான் சொல்லியிருக்க வேண்டியதும் அது இல்லை.

புதன்கிழமை மனசு கேட்காமல் அவருடைய வீட்டுக்குப் போனேன். வாசலில் அக்கா மிளகு எடையைக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவர் ஜன்னலருகே உட்கார்ந்து நான்கு நெகட்டிவ்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கும் அடுப்புத் தகடு மாதிரி கறுப்பு.

"படம் அழிஞ்சிருச்சாக்கா? மழைத் தண்ணியா?"

"தண்ணி இல்ல. வெளிச்சம். கழுவறதுக்கு முன்னாடி வெளிச்சம் பட்டா இப்பிடித்தான், கரியாப் போயிரும்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் பரப்பிய நேரத்தில்தான் அவை போயின. நான் காப்பாற்ற நினைத்த அந்த இரண்டு நிமிடத்தில்.

அவர் ஒரு தாளை என் பக்கம் நீட்டினார். "ஓரத்தப் பாரு. கேமராவுக்குள்ள இருக்கும்போது தாளோட ஓரம் சட்டத்துக்குள்ள மறைஞ்சிருக்கும். வெளிச்சம் படாது. துருத்தியில ஓட்டை இருந்தாலும் ஓரம் மட்டும் தப்பிச்சு, வெள்ளையா ஒரு கோடு நிக்கும். இதுல ஓரம் வரைக்கும் கறுப்பு. அப்ப இது கேமராவுல நடக்கல. பெட்டியில நடந்திருக்கு."

தாளை வாங்கி ஓரத்தைப் பார்த்தேன்.

"பெட்டியத் தொறக்கறவ நான் ஒருத்திதான். பைக்குள்ள கையவிட்டு மாத்தும்போது மூடாம வெளிய எடுத்திருக்கேன். எடுத்தது எனக்கு ஞாபகம் இல்ல."

"அக்கா, ஒருவேள நான்..."

"நீ தொடமாட்ட. பயந்தவன். ஒரு போல்ட்டக்கூட கேக்காமத் திருகமாட்ட." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அக்காவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுச்சு. மொதல்ல பால் சட்டிய மூட மறந்தா. அப்புறம் கேஸ அணைக்க. மூடுனேன்னு சத்தியம் பண்ணுவா."

முகத்தில் ஒன்றும் இல்லை. கை மட்டும் மணிக்கட்டின் கடிகாரத்தை உள்பக்கமிருந்து வெளிப்பக்கம், வெளிப்பக்கமிருந்து உள்பக்கம் என்று திருப்பிக்கொண்டே இருந்தது.

"மீதித் தாள் இருக்கேக்கா, பெட்டியில."

"ஏழு இருக்கு. அதுவும் கரிதான். கழுவிப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாசல் வரைக்கும் வந்து திரும்பிக்கூட நின்றேன். சொன்னால் என்ன சொல்வார், என்ன செய்வார் என்று தெரியாத முகம் அது. திட்டுகிறவரிடம் சொல்லிவிடலாம். அழுகிறவரிடம் காலைப் பிடிக்கலாம். ஒன்றும் காட்டாதவரிடம் எப்படிச் சொல்வது? சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் நானே போய்ப் பார்த்தேன். கேஸ் அடுப்புக்கு மேலே சுவரில் சின்னச் சின்னச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. 'காலை 8.10 அணைத்தேன்.' 'மதியம் 1.30 அணைத்தேன்.' தண்ணீர்க் குடத்துக்கு மேலே ஒன்று. அக்காவின் மாத்திரை டப்பாவில் ஒன்று. என்னோடு கடைக்குக் கிளம்பியவர் தெருமுனை வரை வந்து, பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்த்தார். மறுபடியும் பாதி தூரம் வந்து, மறுபடியும் போனார்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு உடம்பு கூசியது. அது என் வியாதி. நாள் முழுக்க நான் செய்கிற வேலை. வாழ்க்கையில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காத மனுசிக்கு அதை நான் ஒட்டவைத்துவிட்டேன்.

நடந்து போகும்போது சாதாரணமாகச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை மதுரையிலேர்ந்து ஒருத்தர் வர்றாரு. கேமராவ அவருக்குக் குடுத்துடறேன். நாளைக்குக் கடைசியா ஒரு தடவ மேல போயிட்டு வந்துரலாம். வர்றியா?"

"கேமராவ எதுக்குக்கா குடுக்கணும்?"

"பெட்டிய மூடுனமா இல்லையான்னு தெரியாதவ கையில அது எதுக்கு?"

வீட்டுக்கு வந்து ஈஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"எக்ஸ்ரே எடுக்காமலே உங்க நெஞ்சு தெரியுது. ரெண்டு வாரமா சோறு எறங்கலையேன்னு பாத்தேன். சொல்லிருங்க."

"சொன்னா என்னைய என்னான்னு நெனைப்பாங்க?"

"இப்ப அவுக அவுகளையே என்னான்னு நெனைச்சுக்கிட்டு இருக்காக?"

முறத்துச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் பெண்களை மேலே விட்டுவிட்டுக் கீழே வந்து, அவரை மட்டும் ஏற்றிக்கொண்டேன். அடிவாரத்து முந்தலைத் தாண்டி, ஜீப்பு மலை ஏறத் தொடங்கியது. முதல் வளைவில் சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருந்தேன். மூன்றாவது வளைவு போனது. எதிரே லோடு லாரி வந்தது. ஆறாவது போனது. ஸ்டியரிங் வேர்வையில் வழுக்கியது. ஒன்பதாவது வளைவு தாண்டி, ஓரமாக ஊற்றுத் தண்ணீர் விழுகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன்.

"என்னாச்சு? சூடாயிருச்சா?"

"பெட்டிய நான்தான்க்கா தொறந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மழை, தார்ப்பாய் ஓட்டை, ஸ்டோர், நனைந்தால் பிரித்துப் பரப்புகிற பழக்கம், துண்டு. எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்தபோது ஒரு பஸ்சு எங்களைக் கடந்து போனது.

"மறுபடியும் சொல்லு."

சொன்னேன்.

"கவரு மடிச்சிருந்துச்சா? நீ தொறக்கறதுக்கு முன்னாடி."

"ரெண்டு மடிப்பு மடிச்சு, ரப்பரு போட்டிருந்துச்சுக்கா."

"ரப்பரு எந்தப் பக்கம்?"

"நீளவாக்குல. நான்தான் கழட்டுனேன். திருப்பிப் போடும்போது அகலவாக்குல போட்டுட்டேன்."

"இன்னொரு தடவ சொல்லு. மொதல்லேர்ந்து."

மூன்றாவது தடவையும் சொன்னேன். என்னை நம்பாமல் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ரப்பர் வருகிற இடத்தில் அவருடைய உதடு எனக்கு முன்னாலேயே அசைந்தது. நீளவாக்கில், என்று. அவருக்கு ஞாபகம் இருந்தது. இரண்டு மடிப்பு மடித்தது, ரப்பர் போட்டது, எல்லாம் ஞாபகம் இருந்தது. இரண்டு வாரமாக அந்த ஞாபகத்தைத்தான் அவர் நம்பாமல் இருந்திருக்கிறார்.

கீழே இறங்கினார். ஊற்றில் முகத்தைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் மற்றது எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது குரல் எப்போதும்போல இருந்தது.

"நாலு தாளு போச்சு. அது ஒனக்குத் தெரியாமச் செஞ்சது. அதுக்கு ஒன்ன வைவேன், அப்புறம் விட்டுருவேன்."

"வைங்கக்கா."

"அன்னைக்கு என் வீட்டு ஜன்னல் பக்கத்துல நின்னு ஓரத்தப் பாத்த. அடுப்புச் செவுத்துல சீட்டப் பாத்த. தெருமுனையில நான் திரும்பிப் போறதப் பாத்துக்கிட்டே நின்ன. அதுக்கு என்னா வையறதுன்னு எனக்குத் தெரியல."

நான் ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்தேன்.

"கீழ இருந்த ஏழத் தொட்டியா?"

"இல்லக்கா. கவருக்குள்ளயே இருந்துச்சு. வாய மட்டும்தான் தொறந்தேன்."

"அப்ப ஓரந்தான் போயிருக்கும்." ஏறி உட்கார்ந்தார். "எடு. பனி எறங்கறதுக்குள்ள போவோம்."

போடிமெட்டைத் தாண்டி, வழக்கமாக இறங்குகிற தோட்டத்துக்குப் போனோம். நான் வண்டியிலேயே இருந்தேன். எதையும் தொடவில்லை. அவரே ஸ்டாண்டை இறக்கி, கேமராவை விரித்து, கறுப்புத் துணியைப் போட்டார். பெண்கள் தூரத்தில் இருந்தார்கள். என்னத்தை எடுக்கப் போகிறார் என்று பார்த்தேன். என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"அங்க போயி நில்லு. அந்த மரத்துக்கிட்ட."

"நானாக்கா?"

"வேற யாரு இருக்கா?"

போய் நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் துணிக்குள் தலையை விட்டார். கேமராவின் கண்ணாடி மட்டும் என்னைப் பார்த்தது. உள்ளே ஆள் தலைகீழாகத் தெரிவானாம், முன்னொரு தடவை சொல்லியிருக்கிறார். அப்படி என்னைத் தலைகீழாக வைத்து எவ்வளவு நேரம் பார்த்தாரோ தெரியாது. காற்று நின்றிருந்தது. ஒரு இலைகூட அசையவில்லை. எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. என் முகத்தை என்ன செய்வதென்றும் தெரியவில்லை. ஊரார் முகத்தையெல்லாம் பார்த்துப் பழகியவனுக்குத் தன் முகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் போனது. வருத்தமாக வைத்துக்கொண்டால் நடிப்பு மாதிரி இருக்குமோ? சாதாரணமாக வைத்துக்கொண்டால் சொரணை இல்லாதவன் மாதிரி இருக்குமோ? கடைசியில் எதுவும் வைத்துக்கொள்ளத் தெம்பில்லாமல் வெறுமனே நின்றேன்.

அப்போதுதான் கேமரா கிளிக் என்றது. துணியிலிருந்து தலையை எடுத்தார்.

"போதும். வா."

கீழே வந்து வீட்டில் இறக்கிவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து வேறொரு ஜீப்பில் போனார். கேமராவைக் கொடுக்கவில்லை. ஏழு தாளில் ஐந்து நன்றாக வந்தது என்று மேலே காயெடுக்கிற பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜீப்பு ஸ்டாண்டில் பார்த்தால் தலையசைப்பார். அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து, அக்காவைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டோடு போய்விட்டார்.

என்னை எடுத்த தாளைக் கழுவினாரா, கழுவினால் என்ன வந்தது, எதுவும் தெரியாது. போகிறதுக்கு முன்னால் கேட்டு வாங்குங்கள் என்று ஈஸ்வரி எத்தனையோ தடவை சொன்னாள். ஒரு நாள் அவருடைய வீட்டு வாசல் வரைக்கும் போனேன். அவருடைய அக்காதான் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை மிளகைப் பற்றிக் கேட்கவில்லை, நீ யார் என்று கேட்டார். ஜீப்புக்காரன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் திரும்பிவிட்டேன்.